ஆடியோ சிடியைக் கணினியில் சேமிப்பது: ரிப்பிங் ஒரு வேலை, என்கோடிங் இன்னொரு வேலை

ஆடியோ சிடி ஒன்றைக் கணினியின் ட்ரைவில் போட்டு விண்டோஸில் திறந்து பார்த்தால், பாடலுக்கு ஒரு கோப்பு வீதம் இருப்பதுபோலத் தெரியும். டிராக்01, டிராக்02 என்று வரிசையாகப் பெயர்களும், சிடிஏ என்ற பின்னொட்டும் இருக்கும். அவற்றை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்தால் கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் சிடியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் கோப்பைச் சொடுக்கினால் எதுவும் பாடாது. கோப்பின் அளவைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். நான்கு நிமிடப் பாட்டு 44 பைட்டுக்குள் அடங்க வழியே இல்லை. பாட்டு தகட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற குறிப்பு மட்டுமே அதற்குள் இருக்கிறது. அந்தக் கோப்புகூடத் தகட்டில் உண்மையில் கிடையாது. விண்டோஸ் நம் வசதிக்காக உருவாக்கிக் காட்டுவது அது.

அதனால்தான் பாடல்களை எடுப்பதற்குத் தனியாக ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது. அந்த மென்பொருள் செய்வது இரண்டு வேலைகள். தகட்டில் பதிந்துள்ள எண்களைப் பிழையில்லாமல் படித்து எடுப்பது முதல் வேலை. இதை ரிப்பிங் என்கிறோம். எடுத்த எண்களை எம்பி3, ஃபிளாக் போன்ற ஏதோவொரு வடிவில் சுருக்கிக் கோப்பாக்குவது இரண்டாவது வேலை, இது என்கோடிங். ஒரே பொத்தானை அழுத்தினால் இரண்டும் அடுத்தடுத்து நடந்துவிடுவதால், புதிதாக வருபவர்கள் இவை ஒரே வேலை என்று எண்ணிக்கொள்கிறார்கள், கவனத்தையெல்லாம் எம்பி3-இன் பிட்ரேட்டில் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற அளவில்) செலுத்திவிட்டுத் தகடு சரியாகப் படிக்கப்பட்டதா என்பதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். என்கோடிங்கில் தவறு நேர்ந்தால், மூலம் கையில் இருக்கும்வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். ரிப்பிங்கில் நேர்ந்த தவறைத் திருத்த வேண்டுமானால் தகட்டைத் தேடி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அந்தத் தகடு படிக்கும் நிலையில் இருக்குமா என்பது வேறு கேள்வி.

தகட்டில் என்ன இருக்கிறது

ஆடியோ சிடியின் இலக்கணத்தை வகுத்தவை ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரண்டு நிறுவனங்கள். 1980-இல் வெளியான அந்த வரையறைக்கு, அதன் அட்டையின் நிறத்தை வைத்து, ரெட் புக் என்று பெயர். 1982-இல் தகடுகள் விற்பனைக்கு வந்தன. ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைப்பதே இதன் அடிப்படை. 16 பிட் என்றால் 65,536 படிநிலைகள். இடது, வலது என்று இரண்டு வரிசைகள் இருப்பதால் விநாடிக்கு 1,76,400 பைட் ஆகிறது. நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 42 மெகாபைட். முதல் பத்தியில் வந்த 44 பைட்டோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்கள் தகட்டின் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிச் செல்லும் ஒரே சுருள்பாதையில் இடைவிடாமல் எழுதப்பட்டிருக்கின்றன. கோப்பு, ஃபோல்டர் என்ற ஏற்பாடெல்லாம் அங்கே இல்லை. பாதையின் தொடக்கத்தில் ஒரு பொருளடக்கம் மட்டும் இருக்கும். எந்தப் பாடல் எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது என்று அதிலிருந்துதான் தெரியவருகிறது. ஒரு தகட்டில் அதிகபட்சம் 99 டிராக்குகள். ஒரு விநாடி இசை 75 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; செக்டர் எனப்படும் அந்தத் துண்டு ஒவ்வொன்றிலும் 2,352 பைட் இசை இருக்கும்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆவணங்களையும் படங்களையும் வைத்திருக்கும் டேட்டா சிடியிலும் செக்டரின் அளவு இதேதான், ஆனால் அதில் பயனருக்குக் கிடைப்பது 2,048 பைட் மட்டுமே. மீதி இடத்தில் அந்தச் செக்டரின் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தத் தகவலும் எழுதப்பட்டிருக்கும். ஆடியோ சிடியை வடிவமைத்தவர்கள் அந்த இடத்தையும் இசைக்கே கொடுத்துவிட்டார்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஆவணம் கெட்டுவிடும், இசையில் ஓர் எண் சற்று மாறினால் காதுக்குத் தெரியப்போவதில்லை என்று அவர்கள் கணக்கிட்டது அன்றைய பயனுக்கு நியாயமானதே. தகட்டைக் கணினியில் போட்டுப் படியெடுப்பார்கள் என்று 1980-இல் யார் நினைத்திருக்க முடியும்? ரிப்பிங்கில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து பிறப்பவை.

ஆடியோ சிடியில் பிழைதிருத்தமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அடுத்தடுத்து வரும் எண்களைக் கலைத்துப் பரப்பி, ரீட்-சாலமன் முறையில் கூடுதல் எண்களைச் சேர்த்து எழுதியிருப்பதால், பாதையின் போக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் ட்ரைவால் அதை முழுமையாக மீட்க முடியும். கீறல் அதற்கும் மேலே போனால், அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடிய எண்ணை ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாவிட்டால் அந்த இடத்தை ஒலியற்றதாக்கிவிடும். பாட்டு நிற்காமல் ஓட வேண்டும் என்ற நோக்கில் இது நல்ல ஏற்பாடு. படியெடுப்பவருக்கு இதுவே இடையூறு. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதுபவர், எழுத்துப் போன இடங்களில் தாமாக ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிட்டு, அப்படிச் செய்ததை எங்கும் குறிப்பிடாமல் விட்டால் எப்படியோ அப்படித்தான்: அந்தப் படியை மட்டும் வைத்திருப்பவருக்கு எது மூலம், எது ஊகம் என்று தெரியாது.

பிழையில்லாமல் படிப்பது எப்படி

சாதாரண ரிப்பிங் மென்பொருள் தகட்டை ஒருமுறை வேகமாகப் படித்து, ட்ரைவ் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும். தகடு புதிதாகவும் ட்ரைவ் நல்ல நிலையிலும் இருந்தால் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் போதுமா, போதாதா என்று அது சொல்லாது.

பாதுகாப்பான ரிப்பிங் என்று சொல்லப்படும் முறை இந்த நம்பிக்கையைக் கைவிடுகிறது. விண்டோஸில் இயங்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி இதற்குப் பெயர் பெற்ற மென்பொருள், சுருக்கமாக ஈஏசி. இது ஒரே செக்டரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்து, கிடைத்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு தெரிந்தால் அதே இடத்தை மீண்டும் மீண்டும் படித்து, 16 முறையில் 8 முறையாவது ஒரே விடை வந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. ட்ரைவ்கள் அண்மையில் படித்ததைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்கும்போது தகட்டைத் தொடாமலே அதையே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் கொண்டவை என்பதால், அந்த நினைவகத்தைத் தாண்டிப் படிக்கவைக்கும் ஏற்பாடும் இதில் உண்டு. லினக்ஸில் சிடிபாரனோயா என்ற நிரல் இதே பணியைச் செய்கிறது. பேரே சொல்வதுபோல, எதையும் எளிதில் நம்பாது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பழைய தகடு ஒன்றை வேகமான முறையில் ரிப் செய்தபோது பத்து நிமிடத்துக்குள் எல்லாப் பாடல்களும் வந்துவிட்டன, எந்த எச்சரிக்கையும் இல்லை. பல மாதங்கள் கழித்து ஹெட்ஃபோனில் கேட்டபோது ஏழாவது பாடலின் நடுவே ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை. பாதுகாப்பான முறையில் மறுபடி முயன்றபோது அந்த ஏழாவது பாடலில் ட்ரைவ் அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. தகட்டை எடுத்து, ஈரமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்துவிட்டுப் போட்டதும் பாடல் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கீறல் என்று நான் நினைத்தது விரல் அழுக்கு. வட்டமாகத் துடைக்கக் கூடாது. துடைக்கும்போது விழும் கீறல் பாதையின் போக்கிலேயே நீளுமானால், பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாத அளவுக்கு அடுத்தடுத்த எண்கள் அழியும். துடைத்தும் பயனில்லை என்றால் இன்னொரு ட்ரைவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ட்ரைவ் கைவிட்ட தகட்டை இன்னொன்று சிரமமின்றிப் படிப்பது வழக்கமாக நடப்பதுதான். மேற்பக்கத்துக் கீறல்தான் மீட்க முடியாதது, ஏனெனில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருக்கிறது.

ஒரே ட்ரைவில் எத்தனை முறை படித்தாலும், அந்த ட்ரைவ் ஒரே தவற்றை ஒவ்வொரு முறையும் செய்தால் நமக்குத் தெரியவராது. இதற்குத் துணை நிற்பது அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம். அதே தகட்டை உலகில் வேறு யாராவது ரிப் செய்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த எண்களிலிருந்து கணக்கிட்ட செக்சம் என்ற சரிபார்ப்பு எண் அங்கே இருக்கும். நம் செக்சமும் அதுவும் பொருந்தினால், வேறு வீட்டில், வேறு ட்ரைவில், வேறு தகட்டில் இதே எண்கள் வந்திருக்கின்றன என்று பொருள். இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே பிழை நேர்ந்திருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. சுவடிப் பதிப்பில் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடத்தை உறுதிசெய்வார்களே, அதே வழி. பொருந்தாவிட்டால் உடனே பிழை என்று முடிவுகட்ட வேண்டாம்; அதே தொகுப்பின் வேறு அச்சாக இருக்கலாம், அல்லது அந்தத் தகட்டை இதற்கு முன் யாரும் பதிவு செய்யாதிருக்கலாம்.

இந்த ஒப்பீடு நடக்க ஆஃப்செட் என்ற ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். ஆடியோ செக்டருக்குள் முகவரி இல்லை என்று பார்த்தோம். நேரக் குறிப்பு சப்கோடு என்ற தனி ஓடையில் செல்கிறது. இசையோடு அது மிகத் துல்லியமாக ஒட்டிவருவதில்லை. ஆகவே ஒவ்வொரு ட்ரைவ் மாடலும், கேட்ட இடத்திலிருந்து குறிப்பிட்ட சில மாதிரிகள் (விநாடிக்கு 44,100 என்று பதிந்த அளவுகள்) முன்னேயோ பின்னேயோ தள்ளித்தான் படிக்கத் தொடங்கும். சில மாடல்களில் இது 6 மாதிரிகள், சிலவற்றில் 667. விநாடிக்கு 44,100 என்ற கணக்கில் 667 மாதிரிகள் என்பது 15 மில்லிவிநாடி. எந்தக் காதும் கண்டுபிடிக்காது. ஆர்வலர்கள் இதைப்பற்றிக் காட்டும் பதற்றம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. இருந்தாலும் செக்சம் பொருந்த இது சரியாக இருந்தாக வேண்டும். நம் ட்ரைவின் மாடல் பெயரை வைத்து மென்பொருளே இந்த எண்ணைத் தேடிப் போட்டுக்கொள்ளும் என்பதால், முதல்முறை அமைக்கும்போது ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

பாடலின் பெயர் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான தகடுகளில் பாடல்களின் பெயர்கள் கிடையாது. சிடி-டெக்ஸ்ட் என்ற வசதியோடு வந்த சில தகடுகளில் மட்டும் இருக்கும். ஆனாலும் ட்ரைவில் போட்டவுடன் மென்பொருள் பெயர்களை வரிசையாகக் காட்டுகிறது. பாடல்கள் எந்தெந்த இடத்தில் தொடங்குகின்றன என்ற பட்டியல் தகட்டுக்குத் தகடு வேறுபடும் என்பதால், அதிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற இணையத் தரவுத்தளத்தில் கேட்டு அது இவற்றைப் பெறுகிறது. அங்கே இருப்பவை நம்மைப் போன்ற பயனர்கள் தட்டச்சு செய்தவை. எழுத்துப்பிழையும் இருக்கும், பாடகர் பெயருக்குரிய இடத்தில் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். ரிப் செய்யத் தொடங்குவதற்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் கோப்பின் பெயரும், டேக் என்று கோப்புக்குள் எழுதப்படும் பாடல் விவரமும் இதிலிருந்தே உருவாகின்றன. எம்பி3-இன் பழைய ஐடி3வி1 டேகில் தலைப்புக்கு 30 எழுத்து இடம்தான். ஐடி3வி2-விலும் ஃபிளாக்கின் டேகிலும் யூனிகோட் செல்லும் என்பதால் தமிழிலேயே எழுதலாம்.

என்கோடிங்: சுருக்குவதில் இரண்டு வகை

எடுத்த எண்களைச் சுருக்காமல் வைத்தால் அது வேவ் கோப்பு. நான்கு நிமிடப் பாடலுக்கு அதே 42 மெகாபைட். டேக் எழுத வசதி குறைவு என்பதால் நெடுநாள் வைத்திருக்க இது ஏற்றதன்று.

இழப்பில்லாமல் சுருக்குவது ஒரு வகை. இதில் பரவலாக வழங்குவது 2001-இல் வெளியான ஃபிளாக். முந்தைய சில எண்களைக்கொண்டு அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எழுதிவைக்கிறது. ஒலியலை பெரும்பாலும் திடீரென்று தாவுவதில்லை என்பதால் வித்தியாசங்கள் சிறிய எண்களாக இருக்கும். சிறிய எண்ணுக்குக் குறைந்த பிட் போதும். விரிக்கும்போது தகட்டில் இருந்த எண்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்பக் கிடைக்கும். வழக்கமாக மூல அளவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை ஆகும். ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை நிலைகள் உண்டு. அவற்றைத் தர நிலைகள் என்று தவறாக எண்ணி 8-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். 0-விலும் 8-இலும் வெளிவரும் ஒலி ஒன்றே. 8-இல் கணினி சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு கோப்பைக் கொஞ்சம் சிறிதாக்கும், அவ்வளவுதான். ஆப்பிளின் ஏலாக் வடிவமும் இதே கொள்கைதான்.

காதுக்குக் கேட்காததை நீக்கிவிட்டுச் சுருக்குவது மற்ற வகை. எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ், 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் ஆகியவை இதில் அடங்கும். உரத்த ஓர் ஒலி, தன் சுருதிக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். ஓங்கி அடித்த தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வரும் சிற்றொலிகளும் கேட்பதில்லை. எம்பி3 என்கோடர் 1,152 மாதிரிகளை ஒரு கட்டாக எடுத்து, அதிர்வெண்களாகப் பிரித்து, இப்படி மறைபவற்றுக்குக் குறைந்த பிட்டை ஒதுக்குகிறது. ஒதுக்கீடு போதாதபோது தவறு முதலில் தெரிவது ஜால்ரா ஒலியிலும் கைதட்டலிலும்தான். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குழைவு கேட்கும். பாட்டின் குரலை மட்டும் கவனித்துவிட்டுத் தரம் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்பதே பிட்ரேட். சிடியில் அது 1,411. எம்பி3-இல் 320 கிலோபிட் என்று நிலையாக வைத்தால் நான்கு நிமிடப் பாடல் 9.6 மெகாபைட். நிலையான பிட்ரேட், அமைதியான இடத்துக்கும் ஆரவாரமான இடத்துக்கும் ஒரே அளவில் இடம் கொடுப்பதால், லேம் என்ற எம்பி3 என்கோடரில் மாறும் பிட்ரேட்டைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. இதில் வி0 முதல் வி9 வரை தர நிலைகள்; இங்கே எண் சிறிதானால்தான் தரம் அதிகம். வி2 சராசரியாக 190 கிலோபிட் அளவிலும் வி0 245 கிலோபிட் அளவிலும் அமையும். வி2-வுக்கும் மூலத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்கள், ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற கண்கட்டுச் சோதனையை ஒருமுறை செய்துபார்க்கலாம். எது எது என்று தெரியாமல் கேட்கும்போது என் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

கட்டுக்கு 1,152 மாதிரிகள் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. பாடலின் நீளம் 1,152-ஆல் மீதியின்றி வகுபடுவது அரிது. கடைசிக் கட்டை நிரப்ப எம்பி3 என்கோடர் வெற்றொலியைச் சேர்க்கும், தொடக்கத்திலும் சிறிது சேரும். மேடைக் கச்சேரியைப் பதிவுசெய்த தகட்டில், ஒரு பாடலின் கைதட்டல் அடுத்த டிராக்குக்குள் ஓடும் இடத்தில், இது ஒரு கணத் தடங்கலாகக் கேட்கும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை லேம் கோப்புக்குள் எழுதிவைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயரில் தடங்கல் இராது. ஃபிளாக்கில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

இழப்புள்ள கோப்பை மறுபடி மாற்றுவதில் எச்சரிக்கை தேவை. எம்பி3-ஐ ஓபஸ் ஆக்கினால் இரண்டு முறை நீக்கியதும் சேர்ந்து இழப்பு கூடும். 128 கிலோபிட் எம்பி3-ஐ 320 ஆக்கினாலும் ஃபிளாக் ஆக்கினாலும் கோப்பு பெருக்குமே தவிர, போனது எதுவும் திரும்பாது. தகட்டிலிருந்து நேரே எம்பி3 எடுத்து வைத்துக்கொள்பவர்கள் பின்னாளில் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரு மணி நேரத் தகடு ஃபிளாக்கில் 350 மெகாபைட்டை ஒட்டி வரும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் 2,500 தகடுகளுக்கு மேல் கொள்ளும். இடமில்லை என்ற காரணம் இப்போது செல்லாது.

எதில் தொடங்கலாம்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள் ஃப்ரீஏசி. முதன்முதலாக முயல்பவருக்கு இது எளிது. விண்டோஸில் பொறுமை உள்ளவர்களுக்கு ஈஏசி, காசு கொடுத்தாலும் வேலை சுலபமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு டிபிபவர்ஆம்ப், மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மடிக்கணினியில் ட்ரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் இணைக்கும் ட்ரைவ் போதும். சொந்தத் தகட்டைப் படியெடுப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் பாதுகாப்பான முறை, ஃபிளாக் ஆகிய இரண்டையும், வசதி இருந்தால் அக்யூரேட்ரிப்பையும் அமைத்துவிட்டு, கோப்புப் பெயரின் தொடக்கத்தில் பாடல் எண் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் வருமாறு வைக்கலாம். இல்லாவிட்டால் சில பிளேயர்களில் முதல் பாடலை அடுத்துப் பத்தாவது பாடல் ஓடும். கைபேசிக்கு வேண்டும்போது அந்த ஃபிளாக் தொகுப்பிலிருந்து எம்பி3-யோ ஓபஸோ மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம், வேண்டாதபோது அழித்துவிடலாம். ரிப் முடிந்ததும் உருவாகும் லாக் கோப்பை அழிக்காமல் அதே ஃபோல்டரில் விட்டுவைப்பது நல்லது. எந்தப் பாடல் எப்படிப் படிக்கப்பட்டது, செக்சம் பொருந்தியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல எண்களிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற செக்சம், ஒரு கையெழுத்துபோலப் பதிந்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து டிஸ்க்கில் ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், ஃபிளாக் நிரலின் சோதனை வசதியைக்கொண்டு கோப்பை விரித்து அந்தக் கையெழுத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். தகட்டை மறுபடி ட்ரைவில் போட வேண்டியதில்லை.